உன் வரவேற்புக்கு நான் வடித்த பன்னீர்

பட்டு வேட்டியை எடுக்கப் பெட்டியைத் திறந்ததும் இந்தக் கடிதத்தைப் பார்த்திருப்பாய். உறையில் போட்டு ஒட்டவில்லை. கல்யாண வீடு, ஆளுக்கொரு பக்கம் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், யார் கையில் வேண்டுமானாலும் இது சிக்கலாம். அதனால் நின்ற இடத்திலேயே படித்து முடிப்பது உனக்கு நல்லது. கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் நாலு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டது உன் நிவேதாதான். "நீங்க எழுதினா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுவேன் அத்தை" என்றாள். நல்ல பெண். அவள் கேட்டபடியே எழுதுகிறேன். மாட்டுவாளா மாட்டாளா என்பது உன் கையில் இருக்கிறது. நாளைச் சாயங்காலம் தாம்பரத்தில் வரவேற்பு, மறுநாள் காலையில் திருநீர்மலையில் முகூர்த்தம். நடுவில் நிறைய நேரம் கிடக்கிறது.

உன் அப்பா இருந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பார். தட்டிக் கொடுத்து, தடவிக் கொடுத்து, கடைசி வரியில் ஒரு சின்னக் குட்டு வைத்து முடித்திருப்பார். அவர் போய்விட்டார், நீ என்னிடம் மாட்டிக்கொண்டாய். எனக்குத் தடவிக் கொடுக்க வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உனக்கு மார்க் குறைந்தபோது எல்லா அம்மாவும் டீச்சரிடம் சண்டைக்குப் போனார்கள், நான் இன்னும் குறைத்துப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆள்தான் இதை எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் மூக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேன்ட் போடத் தெரியாத வயதிலேயே நம் கொல்லையில் மகிழமரத்தடியில் உட்கார்ந்து, இது இன்றைக்கு விழுந்த பூ, இது நேற்று விழுந்தது என்று முகர்ந்து பார்த்தே பிரித்து வைத்தவன் நீ. பீர்க்கன்கரணையில் நாலு தெரு தாண்டி யார் வீட்டில் ரசம் கொதிக்கிறது என்று சொல்வாய். அப்புறம் கொரோனா வந்தது. எனக்கும் மூக்கு போனது, கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. உனக்கும் வந்துவிட்டது என்று நீ சொன்னாய், நான் நம்பினேன். கேளம்பாக்கம் பக்கத்தில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டே, நான் பூவிலிருந்து வடிக்கிற வாசனை எண்ணெய்க்கெல்லாம் பெயர் வைத்து, சீசாவில் ஒட்டுகிற தாளில் உன் படத்தையே போட்டாய். கண்ணை மூடிக்கொண்டு மகிழம்பூவை முகர்கிற படம். ஒவ்வொரு சீசாவையும் நானே முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புகிறேன் என்று வீடியோவில் பேசினாய். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிவேதா முதலில் எண்ணெய் வாங்கினாள், அப்புறம் உன்னிடம் பேச ஆரம்பித்தாள். அதையும் அவளே எனக்குச் சொன்னாள்.

எனக்கு எப்போது சந்தேகம் வந்தது தெரியுமா? தைல மரத்து இலையோ புதினாவோ வடித்தால் நீ பக்கத்தில் வந்து நின்று பிரமாதமாகப் பேசுவாய். மகிழம், செண்பகம், வெட்டிவேர் என்று வந்துவிட்டால் மட்டும் "நீ பாரும்மா, எனக்கு ஒரு கால் இருக்கு" என்று போனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாய். எனக்கு மூக்கு செத்துக் கிடந்த நாட்களில் நானும் இதைக் கவனித்திருக்கிறேன். தைலத்துக்கு வாசனை தெரியாவிட்டாலும் மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறும். அது முகர்வது இல்லை, சுரீர் என்று படுவது, அவ்வளவுதான். மகிழம்பூவுக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. மூக்கு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஒருநாள் எதுவுமே கலக்காத வெறும் எண்ணெயைச் சீசாவில் ஊற்றி, புது மகிழம்பூ வடிப்பு என்று உன் கையில் கொடுத்தேன். கண்ணை மூடினாய், தலையை ஆட்டினாய், "சூப்பர்மா, போன தடவையைவிட நல்லா வந்திருக்கு, இனிப்பு தூக்கலா இருக்கு" என்றாய். நான் ஆமாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒருமுறை போதாது என்று இன்னொன்றும் செய்தேன். உன் லேப்டாப் பையின் அடிப் பையில் வஞ்சிரக் கருவாடு ஒரு துண்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தது நான்தான். ஆபீஸில் எவனோ விளையாடினான் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கலாம். வண்டி வந்து நின்றபோது உன் கேப் டிரைவர் வாசல் வரைக்கும் இறங்கி வந்துவிட்டான். "யம்மா, உங்க புள்ள பேக்ல இன்னா செத்துக் கீது? ரெண்டு நாளா ஏசி போட முடியல, வண்டில எல்லாரும் பேஜார் பண்றாங்கம்மா. இவுரு இன்னான்னா ஒன்னியும் தெரியாத மாரி பாட்டு கேட்டுக்கினு வராரு." நீ பின்சீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்குக் கை ஆட்டிக்கொண்டு, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வண்டி போன பிறகு நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அழுது முடித்ததும் சிரிப்பும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

மூக்கு போனதற்காக உன்னை நான் கேட்கவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். அது உன் தப்பு இல்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, எனக்கு எதுவுமே தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தலையை மடியில் போட்டுக்கொண்டிருப்பேன், எனக்கும் அது வரும். ஊர் டாக்டரையெல்லாம் பார்த்திருப்போம், முடியாவிட்டால் நான் உயிரோடு இருக்கிறவரை உனக்குப் பதிலாக முகர்ந்து சொல்லியிருப்பேன். நீ சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் சொல்லவில்லை. தலையில் வைத்திருந்த பூவை முகர்ந்தே எந்த ஊர் மல்லி என்று நீ சொல்லிவிட்டதாக அவள் என்னிடம் பூரித்துப் போய்ச் சொன்னாள். பெருங்களத்தூர் பூக்காரியிடம் அதே பூவை நீ வாங்கி, எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு நின்றபோது, நான் பின்னால்தான் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கு அவள் கேஸை மூட மறந்துவிட்டுக் குளிக்கப் போவாள், நீ அடுப்பு மேடையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பாய். இதைத்தான் ஒரு தாய் கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்வது போல விட்டுக்கொடுத்துப் போ, பொறுமையாக இரு என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நாளைக்கு நடக்கும் என்று எதற்குச் சொல்கிறேன், ஏற்கனவே நடந்துதான் போயிற்றே. இதை நிவேதாவும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். செம்பு அண்டாவில் தண்ணீரும் காய்ந்த மகிழம்பூவும் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் துணியும் வைத்து அடைத்து, கீழே விறகு எரிப்போம். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற குடத்தில் குளிர்ந்து இறங்கும். இதுதான் வாலை. இதற்கு மீட்டர் கிடையாது, மணி அடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளின் மூக்குதான் எல்லாம். பச்சை வாசனை போய் இனிப்பு வாசனை வந்தால் நெருப்பைக் குறைக்க வேண்டும். வெல்லம் தீய்கிற மாதிரி லேசாக வாடை எழுந்தால் விறகை இழுத்துவிட வேண்டும். களிமண் விரிசல் விட்டு ஆவி வெளியே போனாலும் மூக்குதான் சொல்லும். காய்ந்த பூ ஊறினால் பொங்கி மேலே எழும்பும், அதனால் பாதி அண்டாவுக்கு மேல் பூ போடக் கூடாது. போட்டால் பூ போய்க் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். வாலை வெடித்த அன்றைக்கு அண்டாவைக் கழுத்துவரை ரொப்பியது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரொம்பி வழிகிற பூவைக் கையால் அளைந்துகொண்டு நீ பேசுகிற வீடியோ நெட்டில் உன் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

உன் மூக்கின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் வராத சமயம். நான் அன்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தெருவெல்லாம் தீய்ந்த நாற்றம், வாசலில் கூட்டம். குழாய் அடைத்து, உள்ளே ஆவி முட்டி, மூடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நம்மிடம் பல வருஷமாக வாலை பார்த்த ஏழுமலை, விறகை இழுப்பதற்காகக் குனிந்திருந்தபோது முகத்திலேயே அடித்திருக்கிறது. நீ என்னிடம் சொன்னாய்: "நான் உள்ள ரூம்ல ஆபீஸ் கால்ல இருந்தேன்மா. ஏழுமலை அண்ணன்தான் வாலைகிட்ட இருந்தாரு. குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு போல, முழிச்சுப் பாத்துட்டுப் பதறி ஓடியிருக்காரு." அண்ணன் என்றாய், மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அவனுக்கு வலது கண் போய்விட்டது. கழுத்திலும் கையிலும் தோல் வெந்து கூடிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு கிடந்தவனிடம் போய் நின்று, "குடிச்சிட்டு என் அடுப்புகிட்ட உக்காந்தியாடா?" என்று கேட்டவள் நான். அவன் பெண்டாட்டி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குடியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, அவளுக்காகத்தான் விட்டான். அன்றிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு கண்ணோடு முடிச்சூர் ரோட்டில் ஒரு ஃபிளாட்டுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனான், தூங்கி ஆளைக் கொல்லப் பார்த்தவன் என்று இந்த ஏரியா முழுக்கத் தெரிந்திருந்தது. வேலை கிடைக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மேரி பெங்களூரிலிருந்து திரும்பி வந்தாள். மகளின் பிரசவத்துக்காக விபத்துக்கு மறுநாள் விடியற்காலையில் கிளம்பிப் போனவள், பேரனை வளர்த்துவிட்டு இப்போதுதான் வந்தாள். உன் பத்திரிகையை அவளுக்குக் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். பேச்சுவாக்கில் ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன், குடித்துவிட்டுத் தூங்கியவன் என்று சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "இல்லையே, அவர் அங்க இல்லவே இல்லையே. 'நீங்க போய்ச் சாப்ட்டு வாங்கண்ணா, நான் உக்காந்துக்கறேன்'னு தம்பிதானே அனுப்பி வச்சான், நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் தீயிற ஸ்மெல் தாங்க முடியல. மதில்மேல எட்டிப் பாத்து, 'என்ன தம்பி, ஏதோ கருகுது போல'ன்னு கேட்டேன். வாலைக்குப் பக்கத்துலயே சேர் போட்டு போன் பாத்துக்கிட்டிருந்தான். 'ஒண்ணுமில்ல ஆன்ட்டி, இது இப்படித்தான் வரும்'னு சொன்னான். உங்க தொழில் எனக்கு என்ன தெரியும்னு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டேன்."

பக்கத்து வீடு வரை நாறியது உனக்கு ஒரு கை தூரத்தில் தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். மேரி சொன்ன பிறகாவது எழுந்து நெருப்பை இழுத்திருக்கலாம். எழுந்தால் உனக்கு மூக்கு இல்லை என்பது மேரிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாயா? நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அது ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரம் சாப்பிட்டுவிட்டு வந்தவன் கேட்டிலேயே முகர்ந்திருக்கிறான், ஓடி வந்திருக்கிறான், நீ உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் குனிந்திருக்கிறான். மூடி பிய்த்துக்கொண்டதும் வெந்தது அவன் முகம். நீ சேரோடு பின்னால் சாய்ந்து தப்பித்திருக்கிறாய். அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் அது உன் முகத்தில்தான் அடித்திருக்கும். அவன் கண்ணுக்குப் பதில் உன் கண் போகவில்லையே என்று என் மனது ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டது, பெற்ற மனது அப்படித்தான். மறு நிமிஷம் உன்னைப் பெற்றதற்காக வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

மேரி சொன்னதற்கு மறுநாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். ஏரிப் பக்கம் அந்த ஒற்றை அறை வீடு, பெண்டாட்டி ஃபிளாட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டான். அப்புறம் கேட்டான். "யக்கா, ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத. நான் அன்னிக்கி மெய்யாலுமே தூங்கிட்டனா? எனக்கு ஒன்னியும் ஞாபகம் இல்லக்கா. ஆனா வூட்டுக்கு வந்து மீன்கொழம்பு ஊத்தித் துன்ன மாரி ஒரு இது கீது. அவகிட்ட கேட்டா, நீ எங்க வந்த, சட்டில கொழம்பு கொறஞ்சது பூனை துன்னுட்டுப் போனதுன்றா. அல்லாரும் சொல்றாங்க, தம்பியும் சொல்லுது. அப்ப தூங்கித்தான் இருப்பேன், இல்லக்கா?" நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இல்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அதை நான் சொன்னால் அது எஜமானியம்மா ஆறுதல் சொன்னதாக முடிந்துவிடும், அவன் பெண்டாட்டியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். அது உன் வாயிலிருந்து வர வேண்டும். தன் தொழிலில், தன் மூக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மனுஷன், தான் செய்யாததைச் செய்ததாக நம்பிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான். கண்ணை எடுத்ததோடு நீ நிற்கவில்லை, இதையும் எடுத்திருக்கிறாய்.

பூனை என்று அவன் சொன்னதும் எனக்கு நம் மணி ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது அப்பாவின் சந்தன எண்ணெய் ஜாடியை உடைத்துவிட்டு, மணி தட்டிவிட்டது என்றாய். உன் சட்டையெல்லாம் சந்தனம் மணந்தது, பூனையின் மேல் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. எனக்கு அப்போதே தெரியும். "இந்தப் பூனை இனிமே வேணாம், ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்" என்று சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிள் கூடையில் வைத்து, உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அது கத்திக்கொண்டு வந்தது. நீ வாயைத் திறப்பாய், திறப்பாய் என்று ஏரிக்கரை முழுக்க மெதுவாக மிதித்தேன். என் முதுகில் முகத்தை வைத்து அழுதாய், ஆனால் சொல்லவில்லை. நான் சாக்கை அவிழ்த்துப் பூனையை விட்டுவிட்டுத் திரும்பினேன். உன் அப்பா என்னை ராட்சசி என்று திட்டினார். ராட்சசிதான். சொன்னால் செய்துவிடுவேன் என்பதை உனக்கு நினைவுபடுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது வரவேற்பு விஷயத்துக்கு வருகிறேன். மண்டப வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம், கற்கண்டு, பன்னீர். கடையில் வாங்கிய பன்னீர் வேண்டாம், என் கையாலேயே வடிக்க வேண்டும் என்று நிவேதா ஆசைப்பட்டாள். வடித்துவிட்டேன். பன்னீர் ரோஜா வாங்கி, புது அண்டாவில், பாதிக்கு மேல் போடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து வடித்தேன். எவ்வளவு அருமையாக வந்திருக்கிறது என்று உன்னிடம் சொல்லிப் பயனில்லை. பழைய அண்டா மகிழமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்தேன், செம்பில் ஏறிய தீய்ந்த வாடை போகவில்லை. அன்றைக்குக் குடத்தில் இறங்கியிருந்த தண்ணீரையும் நான் கொட்டவில்லை. ஏன் எடுத்து வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அழுகிய பூவையும் தலைமயிரையும் சேர்த்துக் கொளுத்திய மாதிரி ஒரு நாற்றம். ஒரு துளி துணியில் பட்டால் ரெண்டு துவைப்புக்குப் போகாது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, பயப்படாதே.

வாசலில் நிற்க ஏழுமலையைக் கூப்பிட்டிருக்கிறேன். "தம்பி கண்ணாலத்துக்கு நான் வராம வேற யாருக்கா வருவா" என்றான், சட்டைகூட எடுத்தாயிற்று. சந்தனக் கிண்ணம் அவன் கையில் இருக்கும். பன்னீர்ச் செம்பு என் கையில். அவன் கையில் அதைக் கொடுக்க முடியாது, அவன் மூக்கு நல்ல மூக்கு, செம்பைத் தூக்கும்போதே கண்டுபிடித்துவிடுவான். அந்த வாடை ஏறினால் அவனுக்கு அந்த மத்தியானம் திரும்பி வந்தாலும் வரும். மீன்குழம்பும் வரும், கேட்டும் வரும், சேரில் உட்கார்ந்திருந்த நீயும் வருவாய். வராமலும் போகலாம். என்னால் சொல்ல முடியாது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்குப் போ. அவன் பெண்டாட்டி வேலையிலிருந்து வந்த பிறகு போ, நிவேதாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் முன்னால், அவன் தூங்கவில்லை, நான்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வாசனை தெரியாது என்று சொல்லிவிட்டு வா. காலில் விழ வேண்டாம், அழ வேண்டாம், சொன்னால் போதும். நிவேதா அதற்கப்புறமும் உன்னைக் கட்டிக்கொண்டால் அவளைக் கோவில் கட்டிக் கும்பிடு. கட்டிக்கொள்ளாவிட்டால் நானே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். நீ போகாவிட்டால் நாளை வாசலில் என்ன தெளிப்பேன் என்று இங்கே எழுத மாட்டேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். முதல் தெளிப்பு மாப்பிள்ளை மேல்தான். நீ சிரித்துக்கொண்டு நிற்பாய், பக்கத்தில் நிற்கிறவள் மூக்கைப் பொத்துவாள். தாலிக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கும், அவள் யோசிக்க அது போதும்.

ரகசியமாகக் கொட்டிவிடலாம் என்று நினைக்காதே. சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறேன். ஒன்றில் ரோஜாப் பன்னீர், இன்னொன்றில் அந்தத் தண்ணீர். அடிமண்டி இறங்கி அதுவும் தெளிந்துவிட்டது, பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டையும் கொட்டினாலும் பிரயோசனமில்லை, வேறு இடத்திலும் எடுத்து வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முகர்ந்து பார். எது எது என்று தெரிய வேண்டுமென்றால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிட்டாலும், உனக்குத் தெரியலையா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அம்மா